போக்கர் கற்கத் தொடங்கியவர்களுக்கு: கேள்வி பதில்

டெக்சாஸ் ஹோல்டெம் என்ற போக்கர் வகையை விளையாடத் தொடங்கியவர்கள் கேட்ட கேள்விகளுக்கு என் பதில்கள். ஆட்டத்தின் விதிகள் உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன். கையில் இரண்டு சீட்டு, நடுவில் ஐந்து சீட்டு, நான்கு சுற்றுப் பந்தயம்.

கேள்வி: ஒன்பது பேர் இருக்கும் மேஜையில் எத்தனை கைகளை ஆட வேண்டும்? சும்மா உட்கார்ந்திருந்தால் சலிப்பாக இருக்கிறது.

தொடக்கத்தில் நூறு கைக்குப் பதினைந்து, இருபது போதும். மீதியை ஃபோல்ட் செய்துவிடுங்கள், அதாவது சீட்டை வைத்துவிட்டு விலகிவிடுங்கள். புதியவர்கள் தோற்பதற்கு முதல் காரணம் தவறான பிளஃப் (மோசமான கையோடு பந்தயம் வைத்து மிரட்டுவது) இல்லை, தேவையில்லாத கால் (எதிராளியின் பந்தயத்துக்குச் சமமாகப் போடுவது). ரம்மியில் கை மோசமாக இருந்தால் முதலிலேயே டிராப் செய்கிறோம், அதற்குக் கொஞ்சம் புள்ளி போகும். இங்கே பிளைண்டில் (சீட்டு பார்க்கும் முன்பே கட்டாயப் பந்தயம் போட வேண்டிய இடத்தில்) இல்லாதபோது ஃபோல்ட் செய்தால் எதுவும் போகாது.

பெரிய ஜோடிகள், ஏஸ்-ராஜா, ஏஸ்-ராணி, ராஜா-ராணி ஒரே சின்னம், இவற்றோடு தொடங்குங்கள். ஏஸ்-4 மாதிரி கைதான் ஆசை காட்டும். நடுவில் ஏஸ் வந்துவிட்டது என்று மகிழ்ந்து சில்லு போடுவீர்கள். எதிராளியிடம் ஏஸ்-ராணி இருந்தால் ஜோடி இருவருக்கும் சமம், பக்கச் சீட்டில் நீங்கள் தோற்பீர்கள். இந்த இரண்டு கைகளும் மோதினால் ஏஸ்-ராணிக்கு வெற்றி வாய்ப்பு சுமார் 70 சதவீதம். சலிப்பாக இருக்கும் நேரத்தில் மற்றவர்கள் எப்போது ரெய்ஸ் செய்கிறார்கள் (பந்தயத்தை ஏற்றுகிறார்கள்), கடைசியில் எதைத் திறந்து காட்டுகிறார்கள் என்று பாருங்கள். நான் கற்றதில் பாதி, ஃபோல்ட் செய்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோது கற்றதுதான்.

கேள்வி: ஏஸ் ஜோடி வந்தது. யாரும் ஓடிவிடக் கூடாது என்று ரெய்ஸ் செய்யாமல் கால் மட்டும் செய்தேன். நான்கு பேர் உள்ளே வந்தார்கள், தோற்றுவிட்டேன். என் அதிர்ஷ்டம் அவ்வளவுதானா?

அதிர்ஷ்டத்தைக் குறை சொல்ல வேண்டாம். ஏஸ் ஜோடி சராசரியாக 221 கைக்கு ஒரு முறைதான் வரும். ஏதோ இரண்டு சீட்டு வைத்திருக்கும் ஒருவருக்கு எதிராக அது சுமார் 85 சதவீதம் வெல்லும். அதே போல நான்கு பேர் வந்தால் 56 சதவீதத்துக்கு இறங்கிவிடும். சீட்டு மாறவில்லை, கூட்டம் கூடியதுதான் காரணம்.

அதனால் பெரிய பிளைண்டின் (இரண்டு கட்டாயப் பந்தயங்களில் பெரியது) மூன்று மடங்குக்கு ரெய்ஸ் செய்யுங்கள். உங்களுக்கு முன்பே யாராவது கால் செய்திருந்தால் ஒவ்வொருவருக்கும் இன்னொரு பிளைண்ட் சேர்த்துக்கொள்ளுங்கள். எல்லாரும் ஓடிவிட்டால் பிளைண்டை மட்டும் எடுப்பீர்கள், பரவாயில்லை. ஒன்றிரண்டு பேர் தங்கினால் அதுவே வேண்டியது.

கேள்வி: ஃப்ளஷுக்கு (ஒரே சின்னத்தில் ஐந்து சீட்டு) ஒரு சீட்டுதான் பாக்கி என்றால் என்னால் ஃபோல்ட் செய்யவே முடியவில்லை. எப்போது கால் செய்யலாம்?

இதற்கு மட்டும் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். இந்த ஒரு கணக்கு பழகிவிட்டால் உங்கள் ஆட்டமே மாறும்.

ஒரு சின்னத்தில் 13 சீட்டு. உங்கள் கையிலும் நடுவிலும் சேர்த்து நான்கு தெரிகிறது. மீதி 9. டர்ன் (நடுவில் நான்காவது சீட்டு) வந்தாயிற்று, ரிவர் (ஐந்தாவது) மட்டும் பாக்கி என்றால் உங்கள் கண்ணில் படாதவை 46 சீட்டுகள். 46-இல் 9, கிட்டத்தட்ட 20 சதவீதம். மேஜையில் இவ்வளவு கணக்கு வேண்டாம். உதவும் சீட்டுகளை எண்ணி 2-ஆல் பெருக்குங்கள், 18 வரும். அது போதும்.

இனி விலை. பாட், அதாவது நடுவில் குவிந்திருப்பது, 100 சில்லு. எதிராளி 50 போடுகிறார். நீங்கள் 50 கொடுத்தால் மொத்தம் 200 ஆகும். 200-இல் 50 உங்களுடையது, அதாவது 25 சதவீதம். நான்கில் ஒரு முறையாவது வென்றால்தான் கட்டும். உங்களுக்கு ஐந்தில் ஒரு முறைதான் வரும். ஃபோல்ட். அதே பாட்டில் அவர் 25 மட்டும் போட்டால்? 150-இல் 25, சுமார் 17 சதவீதம். இப்போது கால் செய்யலாம். ஆக, ஃப்ளஷுக்குக் காத்திருக்கும்போது பாட்டில் மூன்றில் ஒரு பங்கு வரையிலான பந்தயம் கட்டும். அதற்கு மேலே போனால், ஃப்ளஷ் வந்த பிறகு எதிராளி இன்னும் சில்லு தருவார் என்ற நம்பிக்கை இருக்க வேண்டும்.

ஃப்ளாப்பிலேயே (நடுவில் முதல் மூன்று சீட்டு வந்த நிலை) நின்று மீதி இரண்டு சீட்டையும் பார்ப்பதாக இருந்தால் வாய்ப்பு 35 சதவீதம். ஆனால் ஆல்-இன் (இருக்கும் சில்லு முழுவதையும் போடுவது) ஆகிவிட்டால்தான் அந்த எண் முழுதாக உங்களுக்கு. இல்லையென்றால் டர்னில் இன்னொரு பந்தயம் வரும், அதற்கும் விலை கொடுக்க வேண்டும். இதை மறந்து 35-ஐ நம்பிக் கால் செய்பவர்கள் நிறைய.

கேள்வி: ஒரே சின்னத்தில் இரண்டு சீட்டு வந்தால் எப்போதும் ஆடலாமா?

வேண்டாம். சின்னம் ஒன்றாக இருப்பதால் கூடும் பலம் இரண்டு மூன்று சதவீதம்தான். ராணி-3 எந்தச் சின்னத்தில் வந்தாலும் ராணி-3தான்.

கேள்வி: டீலர் பட்டன் (சீட்டு போடுபவரின் இடத்தைக் காட்டும் வில்லை) பக்கம் உட்கார்ந்தால் லாபம் என்கிறார்களே, சீட்டு அங்கே நல்லதாக வருமா அண்ணா?

சீட்டு எல்லா இடத்துக்கும் ஒன்றுதான். ஃப்ளாப்புக்குப் பிறகு ஒவ்வொரு சுற்றிலும் பட்டனில் இருப்பவர் கடைசியாகப் பேசுகிறார், அதுதான் லாபம். மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்று தெரிந்த பிறகு நீங்கள் முடிவெடுக்கிறீர்கள். எல்லாரும் செக் செய்தால் (பந்தயம் வைக்காமல் விட்டால்) சிறிய பந்தயத்திலேயே பாட்டை எடுக்கலாம். இரண்டு பேர் ஏற்றிவிட்டால் சத்தமில்லாமல் விலகலாம். முதலில் பேச வேண்டிய இடத்தில் மிக நல்ல கைகளை மட்டும் ஆடுங்கள். பட்டனை நெருங்க நெருங்கக் கொஞ்சம் தளர்த்திக்கொள்ளலாம்.

கேள்வி: 4-4, 5-5 மாதிரி சிறிய ஜோடிகள்?

அதே எண்ணில் மூன்றாவது சீட்டு ஃப்ளாப்பில் வருவது சுமார் 12 சதவீதம், எட்டு ஒன்பது தடவைக்கு ஒரு முறை. அதனால் மலிவாக உள்ளே போக முடிந்தால் மட்டும். கால் செய்யும் தொகையைப் போலப் பத்துப் பதினைந்து மடங்காவது எதிராளியிடமும் உங்களிடமும் மீதி இருக்க வேண்டும். வரவில்லை, எதிராளி பந்தயம் வைக்கிறார் என்றால் விட்டுவிடுங்கள்.

கேள்வி: பிளஃப் செய்தால் எல்லாரும் பிடித்துவிடுகிறார்கள். என் முகம் காட்டிக்கொடுக்கிறதா?

முகத்தை விட ஆளைத் தேர்ந்தெடுத்ததில்தான் தவறு இருக்கும். 100 பாட்டில் 50 போட்டு பிளஃப் செய்தால் மூன்றில் ஒரு முறை எதிராளி ஓடினால் போதும், நஷ்டமில்லை. ஆனால் எதையும் ஃபோல்ட் செய்யாதவரிடம் அந்த ஒரு முறைகூட கிடைக்காது. புதியவர்கள் கூடும் மேஜையில் அப்படிப்பட்டவர்கள்தான் அதிகம். அவர்களிடம் நல்ல கை வரும்போது பெரிதாகப் பந்தயம் வையுங்கள், கால் செய்வார்கள்.

பிளஃப் செய்தே தீர வேண்டும் என்றால் ஃப்ளஷுக்கு ஒரு சீட்டு பாக்கி இருக்கும்போது செய்யுங்கள். அவர் ஓடினால் பாட் உங்களுக்கு. ஓடாவிட்டாலும் ஒன்பது சீட்டு உங்கள் பக்கம் இருக்கிறது. அப்புறம், ஒரே நேரத்தில் மூன்று பேரை பிளஃப் செய்ய முயல வேண்டாம்.

கேள்வி: தொடர்ந்து தோற்றேன். இழந்ததை எடுக்கப் பெரிய மேஜைக்குப் போகலாமா?

தயவுசெய்து போகாதீர்கள். நானும் ஒரு முறை போனேன். ராஜா ஜோடியோடு ஆல்-இன், எதிராளியிடம் ஏஸ்-9, ரிவரில் ஏஸ். அந்தக் கையை நான் சரியாகத்தான் ஆடினேன். அடுத்த ஒரு மணி நேரம் ஆடிய கைகளில் ஒன்றுகூட சரியில்லை, கோபத்தில் எல்லாவற்றையும் கால் செய்தேன். மாதச் செலவுக்கான பணத்திலிருந்து எடுத்ததை அன்று இழந்தேன். அதற்குப் பிறகு, போனாலும் பரவாயில்லை என்று ஒதுக்கிய தொகையைத் தவிர எதையும் மேஜைக்குக் கொண்டுபோவதில்லை. அதில் இருபதில் ஒரு பங்குக்கு மேல் ஒரே மேஜையில் வைப்பதுமில்லை.

தோற்ற கைகளை மட்டும் எழுதி வையுங்கள். இரண்டு நாள் கழித்து, கோபம் தணிந்த பிறகு எடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு கையிலும் சில்லு உள்ளே போன நேரத்தில் யார் முன்னால் இருந்தார்கள் என்று மட்டும் பாருங்கள். நீங்கள் முன்னால் இருந்த கைகளை அடித்துவிடுங்கள். மிச்சமிருக்கும் கைகளை என்னிடம் அனுப்புங்கள், ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.