எரேமியாவைக் குழியிலிருந்து தூக்கிய எபெத்மெலேக் யார்?

பைபிளில் எரேமியா புத்தகத்தின் 38, 39ஆம் அதிகாரங்களில் மட்டும் வந்துபோகும் எபெத்மெலேக்குக்கு அப்படி என்ன முக்கியத்துவம் என்று கேட்டிருக்கிறீர்கள். அவர் எத்தியோப்பியர், யூதா நாட்டின் கடைசி அரசன் சிதேக்கியாவின் அரண்மனை அலுவலர்.

எருசலேமைப் பாபிலோனியர் முற்றுகையிட்டிருந்த நேரம். சரணடைந்தால் பிழைக்கலாம் என்று தீர்க்கதரிசி எரேமியா சொன்னது பிரபுக்களுக்குப் பொறுக்கவில்லை. மல்கியா என்பவரின் துரவில், அதாவது நீர் சேமிக்கும் குழியில், அவரைக் கயிறுகட்டி இறக்கிவிட்டார்கள். உள்ளே தண்ணீர் இல்லை, சேறுதான். அரசனோ "அவன் உங்கள் கையில் இருக்கிறான்" என்று கைகழுவிவிட்டான்.

அரசன் பென்யமீன் வாசலில் வீற்றிருந்தபோது எபெத்மெலேக் நேரே போய், பிரபுக்கள் செய்தது தீமை என்று முறையிட்டார். முற்றுகைக் காலத்தில், அதுவும் ஒரு அந்நியர் இப்படிப் பேசுவது உயிரைப் பணயம் வைப்பதுதான். அரசன் மனமிறங்கி 30 பேரை உடன் அனுப்பினான். எனக்கு மிகவும் பிடித்தது அடுத்து வரும் விவரம். பொக்கிஷ அறையின் கீழிருந்து பழந்துணிகளையும் கந்தல்களையும் எடுத்துப்போய், கயிறு அறுக்காதபடி அக்குளில் வைத்துக்கொள்ளுமாறு உள்ளே இறக்கினார். காப்பாற்றப் போகிற அவசரத்தில் யாருக்கு அது தோன்றும்?

முன்பு ஆண்ட அரசன் யோயாக்கீம் காலத்தில் இதே செய்தியைச் சொன்ன உரியா என்ற தீர்க்கதரிசியை எகிப்துவரை தேடிப் பிடித்துவந்து கொன்றார்கள். எரேமியா தப்பியதற்கு இந்த அந்நியரும் ஒரு காரணம். நகரம் விழும்போது எபெத்மெலேக் உயிர் பிழைப்பார் என்ற வாக்குறுதி 39ஆம் அதிகாரத்தில் அவர் பெயர் சொல்லியே தரப்படுகிறது. சிதேக்கியாவுக்கோ கண்கள் பிடுங்கப்பட்டன.