கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் நைத்திரேற்று போய்விடுமா?

போகாது. நைத்திரேற்று என்பது உரத்திலிருந்தும் கழிவிலிருந்தும் வந்து நீரில் கரையும் நைதரசன் உப்பு. கொதிக்க வைத்தால் கிருமிதான் சாகும். தண்ணீர் வற்ற வற்ற நைத்திரேற்றின் செறிவு கூடும்.

யாழ்ப்பாணத்தில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு இல்லை. சுண்ணாம்புக்கல்லுக்குள் தேங்கும் மழைநீர்தான் எங்கள் கிணறு. வெங்காயத் தோட்டத்து யூரியாவும் மலசலகூடக் குழிக் கசிவும் கல் வெடிப்புகளால் நேரே இறங்கிவிடும். நைத்திரேற்றுக்கு நிறமோ மணமோ இல்லை.

குடிநீர் நைத்திரேற்றுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். இது கைக்குழந்தைகளுக்காக வைத்தது: மிஞ்சினால் அவர்களின் குருதி ஒட்சிசனைச் சுமக்க முடியாமல் உதடும் நகமும் நீலம் பாரிக்கும். ஆனால் 2018 இல் டென்மார்க்கில் 27 லட்சம் பேரின் பதிவுகளை ஆராய்ந்தபோது, சுமார் 4 மில்லிகிராமிலேயே பெருங்குடல் புற்றுநோய் அபாயம் சற்றுக் கூடியிருந்தது. காரணம் இதுதான் என்று அது நிரூபிக்கவில்லை, என்றாலும் என்னால் அலட்சியம் செய்ய முடியவில்லை.

சரி, கிணற்று நீரைச் சோதித்துப் பாருங்கள். அதுவரை பிள்ளைக்குப் பால்மா கரைக்க வேறு தண்ணீர் எடுங்கள்.