உப்புக்குள் குடியிருக்கும் செல்கள்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: உப்பு சிறுநீரக செல்களைத் தாக்கும் என்கிறார்கள். ஆனால் ரத்தத்தில் சோடியம் லிட்டருக்கு 135-க்கும் 145 மில்லிமோலுக்கும் நடுவில்தான் நிற்கிறது. அப்புறம் எப்படி உப்பு சிறுநீரக செல்லைத் தாக்கும்?
(வாசகி, சிதம்பரம்)

பதில்: ரத்தத்தைப் பற்றி நீங்கள் சொல்வது சரி. ஆனால் சிறுநீரகத்தின் உட்பகுதி வேறு உலகம். வெளியே புறணியில் கரைபொருள்களின் அடர்த்தி ரத்தத்தைப் போலவே 290 மில்லிஆஸ்மோல் (கரைந்த துகள்களை எண்ணும் அலகு) அளவில் இருக்கும். உள்ளே போகப் போக அது ஏறும். உடல் தண்ணீரை மிச்சம் பிடிக்கிற நேரத்தில் அகணி என்ற அந்த உட்பகுதியின் நுனியில் 1,200 வரை போய்விடும். அதில் பெரும்பங்கு உப்பும் யூரியாவும்.

யூரியா செல்லுக்குள் நுழைந்துவிடும், அதனால் உள்ளும் புறமும் சமமாகிவிடும். உப்பு வெளியிலேயே தங்கித் தண்ணீரை இழுக்கும். மாங்காய்த் துண்டில் உப்பைப் பிசறி வைத்தால் தண்ணீர் விட்டுச் சுருங்குமே, அதேதான் இங்கும் நடக்கிறது. சுருங்கிய செல்லில் என்எஃப்ஏடி5 என்ற புரதம் (1999-இல் அடையாளம் காணப்பட்டது, டான்ஈபிபி என்றும் சொல்வார்கள்) உட்கருவுக்குள் போய் மரபணுக்களை முடுக்குகிறது. ஆல்டோஸ் ரிடக்டேஸ் என்ற நொதி குளுக்கோஸிலிருந்து சார்பிட்டால் செய்கிறது. மயோ இனோசிட்டால், பீட்டெயின், டாரின் ஆகியவற்றை உள்ளே இழுக்கும் கடத்திகள் பெருகுகின்றன. புரதங்களைக் கெடாமல் காக்கும் ஹெச்எஸ்பி70 கூடுகிறது. சில மணி நேரம் முதல் ஓரிரு நாளுக்குள் செல் பழைய பருமனுக்குத் திரும்பிவிடும்.

சிக்கல் என்னவென்றால், அழற்சி (காயத்துக்கும் தொற்றுக்கும் உடல் காட்டும் எதிர்வினை) மரபணுக்களிலும் இதே என்எஃப்ஏடி5-க்குக் கை உண்டு. என்எஃப்-கப்பா-பி என்ற அழற்சிப் புரதத்தோடு சேர்ந்து நின்று அதன் வேலையைக் கூட்டிவிடுகிறது. பி38 என்ற சமிக்ஞை நொதியும் விழித்துக்கொள்கிறது. அழற்சியைத் தூண்டும் டிஎன்எஃப்-ஆல்ஃபா, வெள்ளணுக்களைக் கூப்பிடும் எம்சிபி-1 ஆகியவை கூடுவது இந்த வழியில்தான்.

கேள்வி: அப்படியானால் சிறுநீரகத்தில் எப்போதும் அழற்சிதானா? உப்பைக் குறைத்தால் போய்விடுமா?
(வாசகர், திண்டுக்கல்)

பதில்: இல்லை. அளவோடு நடக்கும்போது இது காவல். சிறுநீர்ப் பாதை வழியாக ஏறிவரும் பாக்டீரியா முதலில் அகணியைத்தான் எட்டும். அங்குள்ள குழாய்ச் செல்கள் உப்பை உணர்ந்து எம்சிபி-1 போன்றவற்றைச் சுரந்து, விழுங்கு செல்களை அங்கேயே நிறுத்தி வைக்கின்றன. 2017-இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் இதைக் காட்டினார்கள். எலிகளில், உள்ளே போகப் போக உப்பு ஏறும் அந்தச் சரிவைக் கலைத்ததும் தொற்றை எதிர்க்கும் திறன் குறைந்தது.

இதைப் படித்துவிட்டு உப்பைக் கூட்டிச் சாப்பிட வேண்டாம். அகணியின் அடர்த்தி, சிறுநீரகத்தின் நுண்குழாயான நெஃப்ரான் தானே கட்டுவது. 2020-இல் ஜெர்மனியின் பான் நகர ஆய்வில், உப்பு மிகுந்த தீனி தின்ற எலிகளுக்குச் சிறுநீரகத் தொற்று மோசமானது. ஒரு வாரம் தினமும் 6 கிராம் உப்பைக் கூடுதலாகச் சாப்பிட்ட ஆரோக்கியமான மனிதர்களின் நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்களும் பாக்டீரியாவைக் கொல்வதில் பின்தங்கின. உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு நாளுக்கு 5 கிராமுக்குக் கீழ். ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாம் அதற்குள் அடக்கம்.

கேள்வி: முதுகலை ஆய்வில் எலியின் சிறுநீரக அகணியிலிருந்து வளர்த்த எம்ஐஎம்சிடி3 செல்களுக்கு 100 மில்லிமோலார் உப்பு கொடுத்தோம். ஒரு முறை எம்சிபி-1 பல மடங்கு ஏறியது, மறுமுறை ஒன்றுமே இல்லை. ஒரு தட்டில் செல்கள் உரிந்தே போயின. எங்கே தவறு?
(மாணவர்கள், திருச்சி)

பதில்: உப்பை எப்படிச் சேர்த்தீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. எங்கள் சந்தேகம் அங்கேதான். அடர்ந்த உப்புக் கரைசலை நேராகச் செல் வளரும் தட்டின் குழியில் விட்டால் அது கனத்து அடியில் இறங்கும். சொட்டு விழுந்த இடத்துச் செல்கள் கலக்குவதற்குள் பல மடங்கு உப்பைப் பார்த்துவிடும். 29.2 கிராம் உப்பைக் கரைத்து 100 மில்லியாக்கினால் 5 மோலார். அதில் 20 மைக்ரோலிட்டரை 1 மில்லி வெதுவெதுப்பான ஊடகத்தில் (செல் வளரும் திரவம்) தனிக்குழாயில் கலந்து, பழையதை எடுத்துவிட்டு இதை ஊற்றுங்கள். 300 மில்லிஆஸ்மோலில் இருந்த ஊடகம் 490 அளவுக்கு வரும். ஒரே தாவலில் 700-க்குக் கொண்டுபோனால் செல்கள் பெருமளவில் செத்துவிடும். அவ்வளவு வேண்டுமென்றால் படிப்படியாக ஏற்ற வேண்டும்.

உப்பு சேர்க்காத கட்டுப்பாட்டுக் குழிக்கும் அதே நேரத்தில் ஊடகம் மாற்றியாக வேண்டும். புது சீரம் பட்டாலே சில மரபணுக்கள் துள்ளும். ஓரக் குழிகளில் தண்ணீர் ஆவியாகும். பத்தில் ஒரு பங்கு போனாலும் 300 என்பது 333 ஆகிவிடும். அங்கே வெறும் தண்ணீர் ஊற்றி, நடுக் குழிகளை மட்டும் பயன்படுத்துங்கள். கணக்கை நம்பி விட்டுவிடாமல் ஆஸ்மோமீட்டரில் ஒருமுறை அளந்துவிடுங்கள்.

ஒப்பீட்டுக்கு, உப்பைப் போலவே செல்லுக்கு வெளியே தங்கும் மேனிடால் 200 மில்லிமோலார் (மில்லிக்கு 36.4 மில்லிகிராம்), 200 மில்லிமோலார் யூரியா (மில்லிக்கு 12 மில்லிகிராம்) இரண்டும் தேவை. மேனிடாலும் உப்பைப் போலவே செய்தால் காரணம் செல் சுருங்கியது. உப்பு மட்டும் செய்தால் சோடியம் அல்லது குளோரைடைத் தேடுங்கள்.

ஆர்என்ஏவை 1, 3, 6, 24 மணிகளில் எடுங்கள். அழற்சி மரபணுக்கள் சீக்கிரம் ஏறி இறங்கிவிடலாம், 24 மணியில் மட்டும் பார்த்தால் தப்பிவிடும். ஆல்டோஸ் ரிடக்டேஸ் நிதானமாக ஏறும். 24 மணியில் அதுவும் ஏறவில்லை என்றால் உப்பு சரியாகச் சேரவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஜிஏபிடிஹெச் ஒன்றை மட்டும் ஒப்பிட்டு அளக்கும் ஆதார மரபணுவாக நம்பாமல், உப்பில் அசையாதவை எனச் சோதித்த இரண்டை எடுங்கள். உப்பில் பாக்டீரியா நச்சான எண்டோடாக்சின் கலந்திருந்தால் அதுவே எம்சிபி-1-ஐ ஏற்றிவிடும், ஆகவே செல் வளர்ப்புத் தரம் கட்டாயம். இன்னொன்று: உப்பு அதிர்ச்சியில் செல்லின் புரத உற்பத்தி முதலில் மந்தமாகும். பிசிஆரில் ஏறிய மரபணு புரதமாக வந்ததா என்று, புரதத்தை அளக்கும் எலைசா சோதனை செய்து பார்க்காமல் முடிவு எழுத வேண்டாம்.

கேள்வி: வெயிலில் வேலை செய்துவிட்டு உடம்பு வலிக்கு டைக்ளோஃபெனாக் போட்டால் சிறுநீரகம் கெடும் என்பது உண்மையா?
(வாசகர், ராமநாதபுரம்)

பதில்: உண்மைதான், அதுவும் தண்ணீர் வற்றிய உடம்பில். அகணி அடரும்போது செல்கள் காக்ஸ்-2 என்ற நொதியின் மரபணுவை ஏற்றி, புராஸ்டாகிளாண்டின் என்ற பொருளைச் செய்து தங்களைக் காத்துக்கொள்கின்றன. அங்கே ரத்த ஓட்டத்தையும் அதுவே தாங்குகிறது. டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் இரண்டும் அடைப்பது அந்த வழியைத்தான். வியர்த்து, சிறுநீர் கருமஞ்சளாகப் போகிற நாளில் இவற்றை விழுங்காதீர்கள். ரத்த அழுத்தத்துக்கு எனலாப்ரில் அல்லது டெல்மிசார்டன் வகை மாத்திரையோடு நீர் போக்கும் மாத்திரையும் எடுப்பவர்கள், மருத்துவரைக் கேட்காமல் இவற்றைத் தொடவே கூடாது.

கேள்வி: சாதா உப்புக்குப் பதில் இந்துப்பு நல்லதா?
(வாசகி, மதுரை)

பதில்: அதுவும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான். சோடியம் குறைந்தது என்று விற்கும் உப்பில் பொட்டாசியம் குளோரைடு இருக்கும். சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு அது ரத்தத்தில் தேங்கி இதயத் துடிப்பையே குலைக்கலாம். பாக்கெட்டின் பின்பக்கம் பார்த்து வாங்குங்கள்.