மாணவரின் மனம் சரியில்லை என்பதை ஆசிரியர் எப்படித் தெரிந்துகொள்வது? என்ன செய்வது?

கேள்வி கேட்டவர் கூடவே ஒரு வரி சேர்த்திருக்கிறார்: “பாடம் முடிக்கவே நேரம் போதவில்லை, நாங்கள் என்ன மனநல மருத்துவர்களா?” இல்லை. ஆகவும் வேண்டாம். காரைக்குடிப் பக்கம் ஓர் உதவி பெறும் பள்ளியில் 26 வருடமாகக் கணக்கு நடத்துகிறேன். இந்த விஷயத்தில் எனக்குத் தெரிந்ததில் பாதியைச் சத்துணவுக் கூடத்தில் கற்றுக்கொண்டேன்.

சில வருடங்களுக்கு முன் ஒன்பதாம் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். (அடையாளம் தெரியாதிருக்கச் சிலவற்றை மாற்றியிருக்கிறேன்.) காலை முதல் பீரியடிலேயே வயிற்றுவலி என்பான். கணக்குத் தேர்வு என்றால் கட்டாயம் வலிக்கும். “தேர்வன்று வருகிற வயிற்றுவலிக்கு என்னிடம் நல்ல மருந்து இருக்கிறது” என்று பிரம்பைக் காட்டி ஒருநாள் சொன்னேன். வகுப்பே சிரித்தது. அவனும் சிரித்தான். சிரிக்கிறானே, நடிப்புதான் என்று முடிவு கட்டிவிட்டேன்.

முதலில் கவனித்தவர் சத்துணவு சமைக்கும் அம்மா. ஒருநாள் மதியம் கரண்டியும் கையுமாக என்னை வழிமறித்தார். “சார், அந்தப் பிள்ளை மூன்று வாரமாக முட்டையைத் தொடுவதில்லை. பக்கத்துத் தட்டில் உருட்டிவிட்டுவிடுகிறது. போன வருடம் இன்னொரு முட்டை கேட்டு என் பின்னாலேயே சுற்றிக்கொண்டிருந்த பிள்ளை” என்றார். போன வருடத்துப் பையனையும் இந்த வருடத்துப் பையனையும் அருகருகே நிறுத்திப் பார்த்திருக்கிறார் அவர். நானோ அவனை முதல் பெஞ்சுக்காரனோடு ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

கண்டுபிடிப்பதற்கு இதைவிடப் பெரிய சூத்திரம் எனக்குத் தெரியாது. ஒரு பிள்ளையை அதே பிள்ளையின் பழைய நடப்போடு ஒப்பிட வேண்டும். வாயாடி வாயடைத்துப்போவான். சாதுவான பெண் எதற்கெடுத்தாலும் சிடுசிடுப்பாள். கையெழுத்து கோணும், கூட்டாளி மாறுவான், திங்கட்கிழமை வந்தால் விடுப்பு விழும். வளரும் வயதில் மனச்சோர்வு அழுகையாகத்தான் வரும் என்பதில்லை. எரிச்சலாகவும் தலைவலி, வயிற்றுவலியாகவும் வரும். அந்த வலி பொய்யும் அல்ல, நிஜமாகவே வலிக்கும். இரண்டு நாள் முகவாட்டம் எல்லோருக்கும் உண்டு. இரண்டு வாரத்தைத் தாண்டி, சாப்பாடு, தூக்கம், படிப்பு, விளையாட்டு என்று பலவற்றையும் அது பிடித்துக்கொண்டால் சும்மா இருக்கக் கூடாது.

10 முதல் 19 வயது வரையுள்ளவர்களில் 7 பேரில் ஒருவருக்கு ஏதாவதொரு மனநலக் கோளாறு இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்கிறது. 42 பேர் உள்ள என் வகுப்பை அதே சராசரிக்குப் பொருத்தினால் 6 பேர். அந்த 6 பேர் யார் என்று கேட்டால், குறும்பு செய்கிற பையன்களின் பெயர்களைத்தான் நாம் மளமளவென்று சொல்வோம். ஓசையில்லாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளை நினைவுக்கே வராது.

பையனிடம் எப்படிப் பேசுவது என்று தெரியாமல் முதலில் ஆசிரியர் அறைக்குக் கூப்பிட்டு எதிரே நிற்க வைத்தேன். “ஒன்றுமில்லை சார்.” மறுநாளும் அதே பதில். எதிரே நிற்க வைத்துக் கேட்டால் அது விசாரணைதான். மூன்றாம் நாள் மாலை சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பஸ் நிறுத்தம் வரை அவனோடு நடந்தேன். இருவரும் சாலையைப் பார்த்தபடி நடந்தோம். “இப்போதெல்லாம் நீ முட்டை சாப்பிடுவதில்லையாமே” என்று மட்டும் கேட்டேன். புளியமரங்கள் தாண்டும்வரை பேச்சில்லை. பிறகு சொல்லத் தொடங்கினான்.

அவன் தாத்தா, அவன் வாய்க்கு ‘ஐயா’, பள்ளத்தூர்ப் பக்கம் ஒரு செட்டியார் வீட்டுக் காவல்காரர். வீட்டுக்கார ஆச்சி சென்னையில் இருக்கிறார். முன்னோரைக் கும்பிடும் படைப்புக்கும் கல்யாணத்துக்கும் திறக்கிற வீடு. முகப்பில் தொடங்கி, வளவு என்கிற நடுமுற்றம், இரண்டாங்கட்டு தாண்டி, பின் தெருக் கதவு வரை தினமும் இரவு டார்ச்சோடு போய்த் தாழ்ப்பாள் பார்த்துவிட்டு வந்து படுப்பது ஐயாவின் வழக்கம். ஐப்பசியில் ஐயா இறந்துபோனார். அப்பா மலேசியாவில். அம்மா புதுவயல் அரிசி ஆலையில் வேலை முடிந்து வந்து, வீட்டில் கைக்குழந்தையைப் பார்க்க வேண்டும். காவல் சம்பளம் போய்விடக் கூடாது என்பதற்காக டார்ச் இவன் கைக்கு வந்துவிட்டது. வளவில் ஐயா சாய்ந்து உட்காரும் தூணைத் தாண்டிப் போக இவனால் முடியவில்லை. விடியும்வரை முகப்பிலேயே உட்கார்ந்திருப்பானாம். பதினான்கு வயதில் பயம் என்று சொன்னால் சிரிப்பார்கள் என்றான். சிரித்தவர்களில் நானும் ஒருவன் என்பதை அவன் சொல்லவில்லை.

“சாக வேண்டும் என்று தோன்றுகிறதா?” என்று நேராகவே கேட்டேன். கேட்டால் நாமே எண்ணத்தை விதைத்தது போலாகிவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி ஆவதில்லை. கேட்டால் பாரம்தான் குறைகிறது. “தூங்கினால் எழுந்திருக்கவே வேண்டாம் என்று இருக்கிறது சார்” என்றான். அன்று அவனைத் தனியே விடாமல் வீடு வரை போனேன்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். “யாரிடமும் சொல்ல மாட்டேன்” என்று எந்தப் பிள்ளைக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். “உன் உயிருக்கு ஆபத்து என்றால் சொல்லித்தான் ஆக வேண்டும். யாரிடம் சொல்லப்போகிறேன் என்பதை உனக்கு முதலில் சொல்வேன்” என்பதுதான் நாணயமான பேச்சு. பாலியல் தொல்லை என்று தெரிந்தால் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி புகார் செய்தே தீர வேண்டும். பள்ளியின் மானம் என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை.

அவன் அம்மா கேட்ட முதல் கேள்வி: “என் பிள்ளைக்குப் பைத்தியமா சார்?” அடுத்தது, குணசீலம் கோயிலுக்குக் கூட்டிப் போகலாமா, ஏர்வாடி தர்காவுக்கா என்பது. 2001 ஆகஸ்டில் ஏர்வாடி மனநலக் காப்பகம் ஒன்றில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் உட்பட 28 பேர் தீயில் மாண்டது எனக்கு நினைவு வந்தது. ஆனால் அந்தத் தாயிடம் அதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது? “கோயிலுக்குப் போங்கள் அம்மா, சிவகங்கை அரசு மருத்துவமனைக்கும் போங்கள். மூட்டை சுமந்து இடுப்பு பிடித்துக்கொண்டால் வைத்தியம் பார்க்கிறோமே, அப்படித்தான்” என்றேன். நோய்க்குப் பெயர் வைக்கிற வேலையை மருத்துவரிடம் விட்டுவிட்டேன். ஆச்சியிடம் தொலைபேசியில் பேசியது தலைமையாசிரியர். ஆச்சி பதறிப்போய்விட்டார். காவலுக்குச் சின்னப் பையன் படுக்கிறான் என்பதே அவருக்குத் தெரியாது. அந்த வாரமே ஒரு பெரியவரை ஏற்பாடு செய்தார், அம்மாவின் கைக்குப் பகல் நேரக் கூட்டிப் பெருக்கும் வேலை வந்தது.

மருத்துவமனைக்கு உடனே போக முடியாதவர்களுக்கு 14416 இருக்கிறது. 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் என்ற மனநல உதவி எண், இலவசம், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். குழந்தைகளுக்கான உதவி எண் 1098ஐயும் கரும்பலகை ஓரத்தில் எழுதிவையுங்கள்.

வகுப்புக்குள் செய்ய முடிந்ததும் உண்டு. பொதுத்தேர்வில் முதல் மூன்று இடம் அறிவிப்பதைத் தமிழ்நாடு 2017இலேயே நிறுத்திவிட்டது. நாம்தான் இன்னும் விடைத்தாளை அதிக மதிப்பெண்ணில் தொடங்கி வரிசையாகக் கொடுத்து, கடைசித் தாளை இரண்டு விரலால் தூக்கிக் காட்டுகிறோம். நானும் காட்டியவன்தான். இப்போது தாளை மடித்து மேசையில் வைத்துவிடுகிறேன். பிரம்பையும் விட்டாயிற்று. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் அடியை மட்டுமல்ல, மன உளைச்சல் தருவதையும் தடுத்திருக்கிறது என்பது எனக்குத் தாமதமாகத்தான் உறைத்தது.

பையனின் வயிற்றுவலி உடனே நிற்கவில்லை. மாதங்கள் ஆயின. வலித்தால் என்னைக் கேட்காமலேயே எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வரலாம் என்பது எங்களுக்குள் ஏற்பாடு. சில வாரம் மூன்று முறை போவான், சில வாரம் போகவே மாட்டான். பத்தாம் வகுப்பில் கணக்கில் 57 வாங்கினான். முடிவு வந்த அன்று பள்ளிக்கு வந்தவன், ஆசிரியர் அறைப் பக்கம் வராமல் நேரே அந்தச் சமையல் அம்மாவின் வீட்டைத் தேடிப் போய்விட்டான்.