வெயிலில் மெலியும் முட்டை ஓடு, கொட்டகையில் நெடி: என்ன செய்வது?

கேள்வி: 40 நாட்டுக்கோழிகளை ஆழ்கூள முறையில் (கொட்டகைத் தரையில் உமி, மரத்தூள் போன்ற கூளத்தைத் தடிமனாகப் பரப்பி) வளர்க்கிறேன். வெயில் ஏறினால் வாயைப் பிளந்து மூச்சிரைக்கின்றன. முட்டை ஓடு மெலிந்துவிட்டது. காலையில் கொட்டகையைத் திறந்தால் கண் எரிகிறது. அதிகச் செலவில்லாமல், சுற்றுச்சூழலுக்கும் கேடில்லாமல் சமாளிக்க வழி உண்டா?

பதில்: முதலில் கூளத்தைச் சரிசெய்யுங்கள். தண்ணீர்ப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு பிடி கூளத்தை அள்ளி இறுக்கிவிட்டு விரல்களைத் திறந்து பாருங்கள். உருண்டையாகவே நின்றால் ஈரம் மிஞ்சிவிட்டது. லேசாக ஒட்டி உடனே உதிர்ந்தால் பதம் சரி. உங்கள் கண்ணை எரிப்பது அம்மோனியா. எச்சத்திலுள்ள யூரிக் அமிலம் ஈரத்தில் சிதைந்துதான் அது உண்டாகிறது. உங்களுக்கே எரிகிறதென்றால், தரையோடு தலை வைத்திருக்கும் கோழிகளின் நிலையை எண்ணிப் பாருங்கள். எச்சம் கலந்த ஈரக்கூளத்திலிருந்து நைட்ரஸ் ஆக்சைடும் வெளியேறும். புவியைச் சூடாக்குவதில் அது கரியமில வாயுவைவிடச் சுமார் 270 மடங்கு வலியது. கூளம் உலர்ந்திருந்தால் கோழிக்கும் நல்லது, காற்றுக்கும் நல்லது.

பாத்திரத்தின் விளிம்பைக் கோழியின் முதுகு உயரத்துக்கு ஏற்றி வையுங்கள். தண்ணீர் சிந்துவது வெகுவாகக் குறையும். கட்டிதட்டிய கூளத்தை அள்ளிவிட்டு உலர்ந்த உமியோ மரத்தூளோ போட்டு, வாரம் இரண்டு முறை கிளறிவிடுங்கள். ஈரக்கூளத்தின் மேல் சுண்ணாம்பு தூவ வேண்டாம். பலரும் செய்வதுதான், ஆனால் காரத்தன்மை கூடினால் அம்மோனியா இன்னும் அதிகமாகக் கிளம்பும்.

கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது; மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். அப்படி மூச்சிரைக்கும்போது உடலிலிருந்து கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறி, ஓடு உருவாகத் தேவையான சுண்ணாம்புச் சத்து கருப்பைக்குப் போதாமல் போகிறது. ஓடு பெரும்பாலும் இரவில்தான் உருவாகும் என்பதால் கிளிஞ்சல் தூளை மாலையில் தனிப் பாத்திரத்தில் வையுங்கள். தீவனம் செரிக்கும்போதும் உடல் சூடேறும். அதனால் அதிகாலையிலும் வெயில் தாழ்ந்த பிறகும் தீவனம் போடுங்கள். உச்சிவேளையில் நிழலும் குளிர்ந்த நீரும் போதும். கூரைக்கு வெள்ளை அடித்தாலோ ஓலை வேய்ந்தாலோ உள்ளே சூடு நன்றாகக் குறையும்.

கோழி வளர்ப்பால் சூழலுக்கு ஏற்படும் சுமையில் பெரும்பங்கு தீவனத்தால்தான். தொட்டியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள். நிரம்பிய தொட்டியிலிருந்து கோழி அலகால் இறைத்துத் தள்ளிவிடும். அசோலா என்ற நீரில் மிதக்கும் பெரணியும் கறையானும் துணைத் தீவனம்தான், அவற்றை மட்டுமே நம்பினால் முட்டை குறையும். வெள்ளைக்கழிச்சல் என்ற கொடிய தொற்றுநோய்க்கான தடுப்பூசியைத் தவறவிடாதீர்கள். வளர்ந்த கோழி செத்தால் அது தின்ற தீவனம் அத்தனையும் வீண்.

அள்ளிய கூளத்தைப் பச்சையாகப் பயிருக்குப் போட்டால் வேர் கருகும், நோய்க்கிருமியும் பரவும். காய்ந்த இலைகளோடு அடுக்கி, அவ்வப்போது புரட்டி, நன்றாக மட்கிய பிறகு இடுங்கள்.