இலை போடும் முன்பே மொய் நோட்டா?

கேள்வி: மாடித்தோட்டம் பற்றித் தமிழில் ஒரு இணையதளம் நடத்துகிறேன். விதைப் பாக்கெட்டும் விற்கிறேன். வெள்ளிக்கிழமைதோறும் ஒரு நியூஸ்லெட்டர் அனுப்புவது வழக்கம். தளம் செய்து கொடுத்த தம்பி, பக்கம் திறந்த 3 வினாடியில் திரை முழுக்க ஒரு பாப்-அப் வரும்படி வைத்துவிட்டார். ‘இமெயில் கொடுங்கள், செடி வளர்ப்புக் கையேடு இலவசம்’ என்று ஒரு பட்டன். ‘வேண்டாம், என் செடிகள் வாடட்டும்’ என்று இன்னொன்று. பட்டியல் வேகமாக வளர்ந்தது உண்மை. ஆனால் அனுப்பும் மடல்களில் பல திரும்பி வருகின்றன. நெடுநாள் வாசகி ஒருவர், ‘உங்க சைட்டுக்குள்ள நுழையவே பயமா இருக்கு’ என்று வாட்ஸ்அப்பில் எழுதிவிட்டார். எடுத்துவிடவா, வைத்திருக்கவா?
– ஒரு வாசகி, ஈரோடு

பதில்: எடுக்க வேண்டாம். ஆனால் இப்போது இருக்கிற மாதிரி இன்னும் ஒரு நாள்கூட வைத்திருக்க வேண்டாம்.

தம்பி செய்ததில் பாதி சரி. பக்கத்தின் அடியில் கிடக்கும் இமெயில் பெட்டியை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கண்ணெதிரே வந்து நின்றால்தான் கவனிக்கிறார்கள். கோளாறு நேரத்தில் இருக்கிறது. கல்யாண மண்டபத்தில் மொய் மேஜையைப் பார்த்து யாராவது கோபித்துக்கொள்கிறோமா? சாப்பிட்டு, கை கழுவி, வெற்றிலையை மடித்தபடியே போய் எழுதிவிட்டு வருகிறோம். அதே நோட்டைப் பந்தியில் இலை போடும் முன்பே நீட்டினால் எப்படி இருக்கும்? உங்கள் தளத்துக்கு வந்தவர் கத்தரிச் செடியில் மாவுப்பூச்சிக்கு வழி தேடி வந்திருக்கிறார். முதல் வரியைக்கூட இன்னும் படிக்கவில்லை. நீங்கள் நன்றாக எழுதுபவரா, நம்பலாமா, எதுவும் அவருக்குத் தெரியாது. அந்த நேரத்தில் இமெயில் கேட்டால், பெட்டியை விரட்டுவதற்காகவே பலர் கைக்கு வந்த எழுத்துகளைத் தட்டிவிட்டுக் கையேட்டை இறக்கிக்கொண்டு போய்விடுவார்கள். மடல்கள் திரும்பி வருவது அதனால்தான்.

நானும் பட்டவன். சில ஆண்டுகளுக்கு முன் என் தளத்தில் இதே வேலையைச் செய்துவைத்திருந்தேன். கும்பகோணத்திலிருந்து சித்தி போன் செய்தார். “ஏன்டா, உன் பக்கத்தைத் திறந்தா ஏதோ போர்டு வந்து மறைக்குதே, எப்படி மூடறது?” “மேல வலது மூலையில எக்ஸ் இருக்கும் பாருங்க சித்தி.” “இல்லையேடா.” இருக்கும், சரியாகப் பாருங்கள் என்று நான் சாதித்தேன். அடுத்த முறை ஊருக்குப் போனபோது அவர் போனை வாங்கிப் பார்த்தேன். நிஜமாகவே இல்லை. கண் சரியாகத் தெரியாததால் போனில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருந்தார். பெட்டியும் சேர்ந்து பெருத்து, எக்ஸ் குறி திரைக்கு வெளியே போய்விட்டது. என் கம்ப்யூட்டரில் அம்சமாக இருந்த பெட்டி, சித்தியைப் பொறுத்தவரை பூட்டிய கதவு. எத்தனை பேர் அப்படியே திரும்பிப் போனார்களோ.

அதனால் முதல் வேலை: வீட்டில் இருக்கும் வயதானவரின் போனை வாங்கி, எழுத்து எந்த அளவில் இருக்கிறதோ அப்படியே உங்கள் தளத்தைத் திறந்து பாருங்கள். மூடும் குறி கட்டைவிரலுக்குச் சிக்குகிறதா? இணைய அணுகல்தன்மைக்கான டபிள்யூசிஏஜி 2.2 நெறிமுறை, தொடும் இடம் குறைந்தது 24 பிக்சல் சதுரமாவது இருக்கச் சொல்கிறது. ஆப்பிள் தன் செயலிகளுக்குச் சொல்லும் அளவு 44 பாயிண்ட். நீங்கள் 44 பிக்சல் என்றே வையுங்கள். எழுத வேண்டிய பெட்டியைத் தொட்டதும் கீபோர்டு மேலே வந்து ‘சேர்’ பட்டனை மறைக்கிறதா என்றும் பாருங்கள். நம் தளங்களில் நான் அடிக்கடி பார்க்கும் கோளாறு இது.

இப்போது நேரம். கூகுள் தேடலிலிருந்து போனில் வருபவருக்கு, வந்து இறங்கிய பக்கத்திலேயே உள்ளடக்கத்தை மறைக்கும் பாப்-அப் காட்டினால் அந்தப் பக்கம் தேடல் வரிசையில் பின்னுக்குப் போகலாம் என்று கூகுள் 2016 ஆகஸ்டில் அறிவித்து, 2017 ஜனவரி 10 முதல் நடைமுறைப்படுத்தியது. சட்டப்படி காட்ட வேண்டிய குக்கீ அறிவிப்பு, வயதுச் சரிபார்ப்பு போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. எளிதாக மூடக்கூடிய, அளவான இடம் பிடிக்கும் பட்டைக்கும் உண்டு. ஆக, திரை முழுக்க வருவதை விட்டுவிட்டு, கீழே நாலில் ஒரு பங்குக்கு மேல் போகாத ஒரு பட்டையாக்குங்கள். கட்டுரையில் முக்கால்வாசி தாண்டியவருக்கு அது மெல்ல எழும்பட்டும். அல்லது அவர் இரண்டாவது கட்டுரையைத் திறக்கும்போது. மாவுப்பூச்சி படித்துவிட்டு மண்கலவைக்கும் போகிறார் என்றால் அவர் சாப்பிட்டுவிட்டார், இனி நோட்டை நீட்டலாம்.

இன்னொரு வழி எனக்கு ரொம்பப் பிடித்தது. கட்டுரையின் நடுவிலேயே ஒரு வரி: ‘இந்த வாரம் என்ன விதைக்கலாம் என்று வெள்ளிக்கிழமை காலையில் சொல்கிறேன், வேண்டுமா?’ அதை அவராகத் தொட்டால் மட்டுமே பெட்டி திறக்கும். தானே திறந்த பெட்டியைப் பார்த்து யாரும் எரிச்சல்படுவதில்லை. எண்ணிக்கை குறையலாம், ஆனால் வருகிறவர் நிஜமான ஆள்.

யாருக்குக் காட்டக் கூடாது என்பதுதான் பெரும்பாலோர் யோசிக்காத இடம். உங்கள் மடலில் இருக்கும் இணைப்பைத் தொட்டு வருபவர் ஏற்கெனவே பட்டியலில் இருக்கிறார். அவரிடமே ‘சேருங்கள்’ என்பது, மொய் எழுதிவிட்டு வந்தவரை மறுபடி மேஜைக்கு இழுப்பது மாதிரி. மடலின் இணைப்புகளில் ஒரு அடையாள வால் (முகவரியின் கடைசியில் சேர்க்கும் ஒரு குறிச்சொல்) ஒட்டி, அந்த வாலோடு வருபவருக்குப் பட்டை வரவே கூடாது என்று தம்பியிடம் சொல்லுங்கள். பத்து நிமிட வேலை. ஒருமுறை மூடியவருக்கு ஒரு மாதம் காட்டாதீர்கள். இதில் ஒரு நெளிவு உண்டு. பேஸ்புக்குக்குள்ளேயே திறக்கும் பக்கத்துக்கு, அவர் குரோமில் மூடியது தெரியாது. ஐபோன் சஃபாரியோ, அவர் மூடியதை உங்கள் தளத்தின் நிரல் போனில் குறித்துவைக்கும் நினைவை, அவர் 7 நாள் உங்கள் தளத்தை எட்டிப் பார்க்காவிட்டால் துடைத்துவிடும். உங்கள் பழைய வாசகி திரும்பத் திரும்ப அதே பெட்டியைப் பார்த்திருக்க இதுவும் காரணமாக இருக்கலாம். பட்டையாக இருந்தால், தப்பி ஒருமுறை வந்தாலும் உயிரை வாங்காது.

கிளம்பும்போது பிடித்து நிறுத்தும் பாப்-அப் பற்றியும் தம்பி சொல்லக்கூடும். கம்ப்யூட்டரில் மவுஸ் அம்பு மேலே போவதை வைத்து, ஆள் கிளம்புகிறார் என்று ஊகிப்பார்கள். போனில் மவுஸ் ஏது? அதனால் சிலர் பின்செல்லும் பட்டனையே கைப்பற்றிப் பெட்டியைக் காட்டுகிறார்கள். அது வழிமறிப்பு. கண்டிப்பாக வேண்டாம்.

(இந்தப் பாப்-அப் சனியனைப் பெற்றவர்களில் ஒருவரே வருந்தியிருக்கிறார். 1990-களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் டிரைபாட் தளத்தில் வேலை பார்த்த ஈதன் ஸக்கர்மேன், விளம்பரத்துக்குத் தனி ஜன்னல் திறக்கும் நிரலை எழுதியவர். ஒரு கார் நிறுவனத்தின் விளம்பரம் ஆபாசப் பக்கம் ஒன்றில் வந்துவிட, பக்கத்தையும் விளம்பரத்தையும் பிரித்துவைக்கச் செய்த ஏற்பாடு அது. 2014-இல் கட்டுரை எழுதி மன்னிப்புக் கேட்டார்.)

‘என் செடிகள் வாடட்டும்’ விஷயத்துக்கு வருகிறேன். படித்ததும் சிரித்துவிட்டேன், ஆனால் இது சிரிப்போடு போகிற காரியமில்லை. மறுப்பவரைக் குற்ற உணர்ச்சிக்கு ஆளாக்கும் இந்த உத்தி, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட வழிகாட்டு நெறிகளில் பட்டியலிட்ட 13 ஏமாற்று உத்திகளில் ஒன்று. நீங்கள் விதை விற்கிறீர்கள், அதனால் அது உங்களுக்கும் பொருந்தும். ‘இப்போது வேண்டாம்’ என்று போடுங்கள், போதும். ‘எனக்கு மடல் அனுப்பலாம்’ என்ற கட்டத்தில் முன்கூட்டியே டிக் போட்டு வைத்திருந்தால் அதையும் எடுங்கள். 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், சம்மதம் என்பது அவராகச் செய்த தெளிவான செயலாக இருக்க வேண்டும் என்கிறது. கொடுத்த அதே சுலபத்தில் திரும்பப் பெறவும் முடிய வேண்டும்.

பெட்டிக்குள் என்ன எழுதுவது? ‘இலவசக் கையேடு’ கையேடு சேர்ப்பவர்களைத்தான் கூட்டிவரும். என்ன வரும், எப்போது வரும் என்று சொல்லுங்கள். ‘ஆடிப் பட்டத்துக்கு எந்த வாரம் எந்த விதை. வெள்ளிதோறும் ஒரு மடல். பிடிக்காவிட்டால் ஒரே தட்டில் நிறுத்தலாம்.’ பெயர், ஊர், போன் நம்பர் எதுவும் கேட்காதீர்கள். இமெயில் மட்டும்.

சேர்ந்ததும் ஒரு உறுதிப்படுத்தும் மடல் போகட்டும். அதிலுள்ள இணைப்பைத் தொட்டவர் மட்டுமே பட்டியலில் ஏறட்டும். எண்ணிக்கை சரியும், தம்பி முகம் சுளிப்பார். ஆனாலும் செய்யுங்கள், காரணம் இருக்கிறது. ஜிமெயில் 2024 பிப்ரவரி முதல், மொத்தமாக அனுப்புபவர்கள் ஸ்பாம் (குப்பை மடல்) புகாரை 0.3 சதவீதத்துக்குக் கீழே வைத்திருக்க வேண்டும் என்கிறது. ஜிமெயிலில் ஆயிரம் பேருக்குப் போய்ச் சேரும் மடலில் மூன்று பேர் ‘ஸ்பாம்’ என்று தட்டினாலே எல்லை வந்துவிட்டது. ஒரு நாளைக்கு 5000 மடலுக்கு மேல் அனுப்புபவர்களுக்கு விதிகள் இன்னும் கடுமை. உங்கள் அளவு சிறியதுதான், ஆனால் கெட்ட பெயர் வந்தால் ஆசையாகக் காத்திருப்பவருக்கும் மடல் ஸ்பாமில் விழும். இப்போதிருக்கும் பட்டியலில் திரும்பி வரும் முகவரிகளை இந்த வாரமே நீக்குங்கள். மடலைத் திறந்தவர் கணக்கை நம்பி மற்றவர்களை நீக்காதீர்கள். 2021-இல் ஐபோனின் மெயில் செயலியில் வந்த தனியுரிமை வசதிக்குப் பிறகு, படிக்காத மடலும் திறந்ததாகக் கணக்கில் வருகிறது. எத்தனை பேர் இணைப்பைத் தொட்டார்கள், எத்தனை பேர் பதில் எழுதினார்கள், இந்த இரண்டையும் பாருங்கள்.

அந்த ‘வாடட்டும்’ பட்டனை மட்டும் இன்றிரவே எடுத்துவிடுங்கள், மீதியை நிதானமாகச் செய்யலாம். வாட்ஸ்அப்பில் எழுதிய வாசகியிடம் மாற்றிவிட்டதாக ஒரு வரி சொல்லி, அவர் போனில் ஒருமுறை திறந்து பார்க்கச் சொல்லுங்கள். பட்டை எப்படி வந்தது என்று அவர் சொல்வதை எனக்கும் எழுதுங்கள். கூடவே அந்த மாவுப்பூச்சிக் கட்டுரையையும் அனுப்புங்கள். என் மாடிக் கத்தரியிலும் வெள்ளை வெள்ளையாக ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கிறது.