வாறுகால் ஓரம் கைகட்டி நிற்பவர்

கேட்கப்பட்ட கேள்வி இது: "நகராட்சிப் பணி ஆய்வாளர் என்பவருக்கு வேலைதான் என்ன? எங்கள் தெருவில் வாறுகால் (சாக்கடைக் கால்வாய்) கட்டியபோது ஒருவர் நாள் முழுக்கக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அதற்கா சம்பளம்?"

அந்த ஆள் நானாகக்கூட இருக்கலாம். திருநெல்வேலிச் சீமையில் ஒரு நகராட்சியில் இருபத்திரண்டு வருடம் பணி ஆய்வாளராக நின்றவன் நான். "நின்றவன்" என்ற சொல்லை யோசித்துத்தான் போட்டிருக்கிறேன். உட்கார்ந்தால் இந்த வேலை கெட்டுவிடும்.

முதலில் என் கையில் என்ன இல்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். மதிப்பீடு தயாரிப்பது பொறியாளர். டெண்டர் என் கண்ணுக்கே வராது. அளவுகளை எம்.புக்கில், அதாவது அளவுப் புத்தகத்தில், எழுதிக் கையெழுத்திடுவது உதவிப் பொறியாளர். அதற்கு மேலே சரிபார்க்க இன்னொருவர். கான்ட்ராக்டரின் பில்லை நிறுத்தும் அதிகாரமும் எனக்குக் கிடையாது. எனக்கென்று இருந்தவை ஒரு டேப், ஒரு குறிப்பு நோட்டு, ஒரு குடை. ஆனால் பொறியாளருக்கு ஒரே நாளில் ஐந்து தெருக்களில் வேலை நடக்கும். எனக்கு ஒரு தெரு. சாயங்காலத்துக்குள் மண்ணும் கான்கிரீட்டும் மூடிவிடப் போகிறவற்றை மூடும் முன் பார்த்து வைக்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள்தான் பணி ஆய்வாளர்.

பள்ளம் தோண்டியதும் முதல் பார்வை மண் மேல். ஆற்றங்கரை வயல்காட்டு மண் ஒரு மாதிரி, ராதாபுரம் பக்கத்துச் செம்மண் வேறு மாதிரி, மானூர்ப் பக்கம் போனால் கரிசல். கரிசல் கோடையில் கை நுழையும் அளவுக்குப் பிளந்து கிடக்கும்; மழை பெய்தால் உப்பும். அதன் மேல் நேராகக் கான்கிரீட் போட்டால் இரண்டே வருடத்தில் வாறுகால் சுவர் வாயைப் பிளக்கும். அதனால் கிராவலோ மணலோ பரப்பித் திமிசு (மண்ணை இடித்து இறுக்கும் கருவி) போட்டு இறுக்கியிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். திமிசு போட்ட இடத்தில் செருப்புக்குதி பதியக் கூடாது. எனக்குத் தெரிந்த சோதனை அவ்வளவுதான்.

அடுத்தது கம்பி. இடைவெளி 150 மி.மீ. என்று வரைபடத்தில் இருந்தால், நடுவில் நான்கு கட்டம் சரியாக இருக்கும். ஓரத்துக்குப் போகப்போக 200 ஆகும். ஆகவே ஓரத்திலிருந்துதான் டேப் பிடிப்பேன். கம்பியை மண்ணில் படாமல் தூக்கி நிறுத்தும் கவர் பிளாக்கை அடியில் வைக்காமல் ஜல்லிக்கல்லைச் சொருகி வைப்பது இன்னொரு பழக்கம். ஆள் ஏறி நடந்தால் கல் நழுவிவிடும், கம்பி மண்ணில் படுத்துவிடும், பிறகு துருதான்.

நான் அதிகம் சண்டை போட்டது தண்ணீருக்காகத்தான். எம்20 என்ற வலுத் தரத்துக் கான்கிரீட் கலவையைத் தளத்திலேயே அளந்து போடும்போது, 50 கிலோ சிமென்ட் மூட்டை ஒன்றுக்கு 30 லிட்டர்தான் தண்ணீர் என்று இந்தியத் தர நிர்ணய விதி சொல்கிறது. பத்து லிட்டர் பக்கெட்டில் மூன்று. எம்.சாண்ட் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) நனைந்து கிடந்தால் அதிலும் குறைக்க வேண்டும். நடைமுறையில் நடப்பது வேறு. சித்திரை வெயிலில் கலவை இறுகிப் போகும், அள்ளிப் போடும் சித்தாளுக்கு இடுப்பு ஒடியும், மேஸ்திரி நான் திரும்பும் நேரம் பார்த்து நான்காவது பக்கெட்டுக்குக் கண் காட்டுவார். நான் பக்கெட்டை எண்ணிக்கொண்டிருக்க மாட்டேன். மெஷினின் சத்தம் போதும். சரியான கலவை டிரம்முக்குள் கட்டிக்கட்டியாக விழும். 'தொப் தொப்' என்று கேட்கும். தண்ணீர் கூடினால் 'சளசள'. முதுகு காட்டி நின்றுகொண்டே, "யாரது, நாலாவது பக்கெட்டு?" என்று கேட்டு ஒரு மேஸ்திரியைத் திடுக்கிட வைத்திருக்கிறேன். இதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு, மறைப்பானேன்.

சண்டை முற்றினால் கோனை எடுப்போம். 30 செ.மீ. உயரத் தகரக் கூம்பு. கலவையை அடுக்கடுக்காக நிரப்பி, அடுக்குக்கு இருபத்தைந்து குத்து. பிறகு கூம்பை நேராகத் தூக்க வேண்டும். உள்ளே இருந்த கலவை எவ்வளவு இறங்குகிறது என்பதுதான் கணக்கு. இலேசான கம்பி வேலைக்கு 75 மி.மீ. வரை இறங்கலாம். ஒருமுறை கூம்பைத் தூக்கியதும் கலவை பாயசம்போலத் தரையில் ஓடியது. கான்ட்ராக்டரின் ஆள், "வெயிலுக்கு அப்படித்தான் அண்ணாச்சி இருக்கும்" என்றார். வெயிலில் காயும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், இளகும் என்று அன்றுதான் தெரிந்தது.

பிறகு கியூப். 15 செ.மீ. அச்சில் கலவையை வார்த்து, ஏழாம் நாளும் இருபத்தெட்டாம் நாளும் ஆய்வகத்தில் நசுக்கிப் பார்ப்பார்கள். இதிலும் கைவரிசை உண்டு: கியூபுக்கு மட்டும் தனியாக ஒரு சட்டியில் சிமென்ட்டை அள்ளிப் போட்டுக் குழைப்பார்கள். அந்தக் கியூப் மலையைத் தாங்கும், வாறுகால் ஆளைத் தாங்காது. அதனால் வேலை பாதி நடக்கும்போது, சொல்லாமல் கொள்ளாமல் மெஷின் வாயிலிருந்தே எடுக்க வேண்டும். ஈரம் காயும் முன் ஆணியால் தேதியையும் என் கையெழுத்தையும் கீறிவிடுவேன்.

போட்ட கான்கிரீட்டை ஈரச் சாக்கு மூடி நீராற்றுவதைக் காலையில் போய்ப் பார்ப்பதில் பயன் இல்லை. நான் வருவேன் என்று தெரிந்து எட்டு மணிக்கே சாக்கை நனைத்து வைத்திருப்பார்கள். மூன்று மணி வெயிலில் போய்ப் புறங்கையால் சாக்கைத் தொட்டுப் பார்க்க வேண்டும். இப்போது பெரும்பாலும் சாம்பல் கலந்த சிமென்ட்தான். அதற்குப் பத்து நாள் ஈரம் தேவை. மூன்றாம் நாளே சாக்கு இன்னொரு தெருவுக்குப் போயிருக்கும்.

தார் வேலை எனக்கு அவ்வளவு பிடிக்காது, சுருக்கமாகச் சொல்கிறேன். கலவை பரப்பும்போது 140 டிகிரி சூடாவது இருக்க வேண்டும். லாரி தூரத்திலிருந்து வந்து நேரமானால் திருப்பி அனுப்ப வேண்டும். அனுப்பினால் அன்று முழுக்கத் தொலைபேசி ஓயாது. பழைய தளத்தைச் சுரண்டி எடுத்த பிறகே புதிய தளம் போட வேண்டும் என்று 2021-இல் தலைமைச் செயலாளரே கடிதம் எழுதினார். அதற்கு முன் போட்ட தெருக்களில் போய்ப் பாருங்கள்: மூன்று படி ஏறிப் போன திண்ணைக்கு இப்போது ஒரு படி.

"அந்தக் காலத்து வேலை" என்று எங்களைக் குத்திக் காட்டாத டீக்கடை கிடையாது. உடனே தாமிரபரணி மேலுள்ள சுலோசன முதலியார் பாலத்தைக் கைகாட்டுவார்கள். கலெக்டர் கச்சேரியில் சிரஸ்தாராக (தலைமை எழுத்தராக) இருந்தவர் சொந்தப் பணத்தில் கட்டி 1843-இல் திறந்த பாலம் இன்றும் நிற்கிறது, நீங்கள் போன வருடம் போட்ட சாலை எங்கே என்பார்கள். உண்மைதான். பணம் போட்ட மனிதர் அதே ஊரில் குடியிருந்தால் கலவையில் கை வைக்க யாருக்குத் துணிவு வரும்? இங்கே பணம் போட்டவர் நீங்கள். நீங்கள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருக்கிறீர்கள்.

கைநீட்டி எவ்வளவு வாங்குவேன் என்று அடுத்து யாராவது கேட்பார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். சேர்ந்த புதிதில் எனக்கு வேலை பழக்கிய அண்ணாச்சி சொன்னது ஒன்றே ஒன்று: "டீயை உன் காசில் குடி, முடிந்தால் வேறு கடையில் குடி." கடைசிவரை அப்படித்தான் குடித்தேன். எல்லாரும் அப்படியா என்றால், இல்லை. அப்படி இல்லாதவர்கள் போட்ட தெருவில் நானே நடந்து போகிறேன்.

ஆனால் பணம் வாங்காதவன் தப்புச் செய்யமாட்டான் என்பது பொய். நான் செய்தேன்.

அறுபது மீட்டர் நீளச் சந்து ஒன்றில் வாறுகால். சரிவு 300-க்கு 1. அதாவது இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் 20 செ.மீ. இறக்கம். அடித்தளம் போடும் முன் மட்டம் பார்க்க வேண்டும். எங்களிடம் இருந்தது தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் குழாய். இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும் என்ற பழைய நியாயம்தான். பொழுது சாய்ந்துவிட்டது, கலவை தயார், மகளுக்குக் காய்ச்சல் என்று வீட்டிலிருந்து இரண்டு முறை அழைத்துவிட்டார்கள். குழாய்க்குள் ஒரு காற்றுக் குமிழ் நின்றதை நான் கவனிக்கவில்லை. குமிழ் இருந்தால் குழாய் பொய் சொல்லும். "சரி, போடுங்கள்" என்றேன்.

ஒரு திண்ணையில் ஓர் ஆச்சி உட்கார்ந்திருந்தார். "ஏய்யா, எங்கள் வீட்டுக்கு அந்தப்பக்கம் மேடாக அல்லவா தெரிகிறது?" என்றார். கண்ணுக்கு அப்படித்தான் ஆச்சி தெரியும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஐப்பசியில் மழை பிடித்தது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் இருபத்து நான்கு மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் கொட்டியதே, அப்படிப்பட்ட மழை அல்ல. அந்த மழைக்கு எந்த வாறுகாலும் பதில் சொல்லாது. இது சாதாரணத் தூறல். அதற்கே ஆச்சி வீட்டு வாசலில் சாக்கடை தேங்கி நின்றது. நல்ல மட்டக்கருவி கொண்டுவந்து பார்த்தோம். பக்கத்து வீட்டுக்கு எதிரே நான்கு சென்டிமீட்டர் மேடு. நான்கு விரல்கூட இல்லை. ஆனால் 300-க்கு 1 சரிவில் நான்கு சென்டிமீட்டர் என்றால், பின்னால் 12 மீட்டருக்குத் தண்ணீர் நிற்கும்.

வேலையில் குறை வந்தால் கான்ட்ராக்டரே சரிசெய்ய வேண்டிய குறைபாட்டுப் பொறுப்புக் காலம் முடியவில்லை என்பதால் கான்ட்ராக்டர்தான் உடைத்துக் கட்ட வேண்டும் என்று பொறியாளர் உத்தரவிட்டார். "நீங்கள்தானே சரி என்றீர்கள்?" என்று கான்ட்ராக்டர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. மட்டம் பார்த்தது நான், குமிழைப் பார்க்காததும் நான் என்று பொறியாளரிடம் எழுதிக் கொடுத்தேன். எனக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. உடைக்கும் கூலியில் பாதியை என் கையிலிருந்து கொடுக்கப் போனேன். அவர் வாங்கவில்லை, முகம் கொடுத்தும் பேசவில்லை.

அடுத்த மழைக்கு இரவு டார்ச்சோடு அந்தச் சந்துக்குப் போனேன். தண்ணீர் இழுத்துக்கொண்டு ஓடியது. ஆச்சி கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். ஒரு நல்ல வார்த்தை வரும் என்று நின்றேன்.

"ஓடுகிறது, சரி. அந்த மூன்றாவது மூடி கால் வைத்தால் ஆடுகிறதே, அதைப் பார்த்தீர்களா?"

குடையைத் தோளில் இடுக்கிக்கொண்டு நோட்டை எடுத்துக் குறித்தேன்.